அமரர் வெள்ளைப்பாண்டி நடந்துபோன வழி

பங்குனி வெயில் தலைகாட்டத் தொடங்கியிருந்த ஒரு காலையில், பஞ்சாலைக் குடியிருப்பின் மூன்றாம் தெருமுனையில் வருஷக்கணக்காகக் கிடந்த சிமெண்டு பெஞ்சு, கால்கள் பதிந்திருந்த குழிகளை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு, இட்லிக்கடையைத் தாண்டி, மாவுமில்லைத் தாண்டி, பால் பூத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தது. யாரோ தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதல் நாள் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் அது பால் பூத்தையும் விட்டுவிட்டு ரேஷன் கடை வாசலில் நின்றபோது, அதைத் தூக்க ஒரு லாரி ஆள் வேண்டும், அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுக்கிற மனசு இந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகையால், பெஞ்சு தானாக நடக்கிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர வழியில்லாமல் போயிற்று.

பெஞ்சின் முதுகில் சிவப்புப் பெயிண்டில், ‘அமரர் வெள்ளைப்பாண்டி நினைவாக, குடும்பத்தார் உபயம்’ என்று எழுதியிருந்தது. அதனால் பெஞ்சு நகர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, வெள்ளைப்பாண்டி நகர்ந்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. வெள்ளைப்பாண்டி உயிரோடு இருந்த காலத்தில் எதிர்வீட்டு விசேஷத்துக்குக்கூட ஸ்கூட்டரில் போனவர். மாடிப்படியில் ஸ்கூட்டர் ஏறாது என்பதால் சொந்த வீட்டு மொட்டைமாடியைக் கடைசிவரை பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் செத்தபிறகு இந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டார்கள். “இருக்கும்போது நடக்காததையெல்லாம் சேத்துவச்சி இப்பம் நடக்காவ போல” என்று தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டு, அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள்.

சேர்மக்கனிக்கு மட்டும் அது அவ்வளவு லேசான விஷயமாக இல்லை. எழுபதைக் கடந்துவிட்ட அவளுடைய உலகம் அப்போது வீட்டு வாசல்படியிலிருந்து அந்தப் பெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு, சுவரைப் பிடித்து, கரண்டுக் கம்பத்தைப் பிடித்து, தெருவில் நிற்கிற ஏதாவது பைக்கின் சீட்டைப் பிடித்து, முனைவரைக்கும் வந்து, வெள்ளைப்பாண்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவாள். வீட்டில் அதற்கு வாக்கிங் என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கு முனைக்கு வந்து பார்த்தால் உட்கார இடமில்லை, திரும்பிப் போகவும் காலில் தெம்பில்லை, பெஞ்சோ பால் பூத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது. கட்டையில் போறவரே என்று யாரையும் திட்டிப் பழகிய அவள் வாய், அவர் ஏற்கெனவே போய்விட்டதால், வேறு என்ன சொல்லித் திட்டுவதென்று தெரியாமல் திணறியது. அப்படித் திணறிக்கொண்டே நடந்து, பால் பூத்துவரை போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ரேஷன் கடை. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடச் சுவர். கடைசியாக வந்து உட்கார்ந்த மனுஷருடைய மூட்டு எவ்வளவு தாங்கும் என்று அந்தப் பெஞ்சுக்குத் தெரிந்திருந்தது; விடிந்து பார்த்தால் அதற்குமேல் கொஞ்சமே கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும். கைக்குழந்தைக்கு நடை பழக்குகிறவர்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே பின்வாங்கிப் பின்வாங்கிப் போவார்களே, அந்த மாதிரி. திட்டிக்கொண்டே பின்னால் போன சேர்மக்கனி நாள் போகப்போகக் கம்பத்தைப் பிடிக்க மறந்தாள், பைக் சீட்டைப் பிடிக்க மறந்தாள், கடைசியில் திட்டவும் மறந்துவிட்டாள்.

பெஞ்சு போய்க்கொண்டிருந்த திசை அவளுக்கு நன்றாகத் தெரிந்த திசை. மில் சங்கு ஊதிய காலத்தில் அவளும், கூட வேலைபார்த்த ஞானப்பூவும் கையில் தூக்குவாளியும் தலையில் முந்தின நாள் பஞ்சுப் பிசிறுமாக நடந்துபோன வழி அது. சேர்மக்கனி வீடு சாலைக்குத் தெற்கே, ஞானப்பூ வீடு சாலைக்கு வடக்கே; சாலை என்றால் அன்றைக்கு எதிரும் புதிருமாக இரண்டு மாட்டுவண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடுகிற சாலை, இரண்டு பக்கமும் புளியமரம், மரத்துக்கு மரம் நிழல், நிழல் விட்டுப்போகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல், கல்லுக்குப் பக்கத்தில் மாடும் மனுஷரும் குடிக்கிற தண்ணீர்த்தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் பதநீர் விற்கிறவள், பதநீர்க்காரிக்குப் பக்கத்தில் அவளிடம் வம்பு பேசுவதற்கென்றே உட்கார்ந்திருக்கிற நாலு பேர் என்று, நடக்கிறோம் என்கிற நினைப்பே வராமல் ஆளை நடத்திக் கூட்டிக்கொண்டு போகிற சாலை. நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த கால்கள் சாயந்திரமும் சலிக்காமல் நடந்தன. பேச்சு முடியவில்லை என்பதற்காக வீட்டைத் தாண்டிப் போய் மறுபடி திரும்பி வந்த நாட்களெல்லாம் உண்டு.

பிறகு மில்லை மூடினார்கள். புளியமரங்கள் போயின, சுமைதாங்கி போயிற்று, சாலை அகன்றது, அகன்றது போதாதென்று இன்னும் அகன்றது, நடுவில் மேடுகட்டி அரளிச்செடி வைத்தார்கள். காரில் போகிறவர்களுக்கு அது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. குறுக்கே கடக்க நினைத்தவர்கள் எங்கோ பாலத்துக்கு அடியில் இருந்த திருப்பம்வரை போய்ச் சுற்றி வரவேண்டும். இல்லையென்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். ஓடுகிற வயசெல்லாம் இரண்டு பேருக்கும் எப்போதோ முடிந்துவிட்டது. ஒருதடவை, ஞானப்பூவின் புருஷன் இறந்த துக்கத்துக்கு, சேர்மக்கனியை அவள் மகன் ஆட்டோவில் தூக்கி உட்காரவைத்துப் பாலத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் சேர்மக்கனி அவனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“என்னையத் தூக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு நாள் வரும், அன்னைக்குத் தூக்குங்க. ஞானப்பூ வீட்டுக்கு இனிம போனா நடந்துதான் போவேன்.”

அப்புறம் அவர்கள் ஃபோனில்தான் பேசிக்கொண்டார்கள்.

இந்தக் கதையெல்லாம் பெஞ்சுக்குத் தெரியுமோ என்னவோ, அது பாட்டுக்குச் சாலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஊரும் அதற்குத் தகுந்தாற்போல் தன்னை மாற்றிக்கொண்டது. வெள்ளைப்பாண்டி இன்றைக்கு எங்கே நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டு, வருஷக்கணக்காகக் கட்டிலையும் டிவியையும் விட்டு நகராத கிழங்கட்டைகளெல்லாம் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவர் விட்டுவிட்டுப் போன இடங்களில் பழகிய இடுப்புகள் உட்கார இடம் தேடின. அதனால் இட்லிக்கடைக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டார். மாவுமில்லில் உடைந்துபோன திரிகைக் கல்லை வாசலில் உருட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வெயில் அடிக்கிறது என்று யாரோ சாக்கைக் கட்டினார்கள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வேப்பங்கன்றை நட்டார்கள். வீட்டு வாசலில் குடம் நிறையத் தண்ணீர் வைப்பது கௌரவமான காரியமாயிற்று. பிளாட்பாரத்தில் மணல் குவித்து வைத்திருந்தவர்களும், விளம்பரப் பலகை நட்டு வைத்திருந்தவர்களும், குறுக்கே பைக் நிறுத்துகிறவர்களும் தாங்களாக வழிவிட்டார்கள். ஏனென்றால் பாதையில் தடை இருந்தால் பெஞ்சு அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டு, சண்டிமாடு மாதிரி, அசையவே அசையாது.

அப்படித்தான் சொரிமுத்து அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்கு முன்னால் அது நின்றுவிட்டது. அவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். பிளாட்பாரம் முழுக்க அவருடைய பிவிசி குழாய்களும் தண்ணீர்த் தொட்டிகளும் அடுக்கியிருக்கும். தினமும் ஊர்க் கிழங்கள் எல்லாம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, குழாய்களைப் பார்த்து, பிறகு அவர் முகத்தைப் பார்த்தன. ஒரு வாரம் தாங்கிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி குழாய்களை உள்ளே எடுத்துப் போட்டார். விடிந்ததும் பெஞ்சு கடையைத் தாண்டிவிட்டது. வாசல் பளிச்சென்று தெரிந்ததாலோ, நடந்துவருகிற கூட்டம் கடைக்குள்ளும் எட்டிப் பார்த்ததாலோ, அன்றிலிருந்து அவருக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அண்ணாச்சி நன்றி மறக்கிற ஆள் இல்லை. வந்த வினை எல்லாம் அந்த நன்றியில்தான் வந்தது.

பெஞ்சு பெரிய சாலையின் ஓரத்துக்கு வந்து, வடக்கே பார்த்து நின்ற அன்று, அண்ணாச்சி ஒரு மாலையைக் கொண்டுவந்து அதற்குப் போட்டார். மறுநாள் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அல்பாயுசில் போனவர்களும் அடிபட்டுப் போனவர்களும் சாமியாகிற ஊரில், சுகர் வந்து போன வெள்ளைப்பாண்டி சாமியாகக் கூடாதா என்ன? பட்டுத்துணி வந்தது, தகரக் கூரை வந்தது, ஆட்டுக்காலில் இருந்து அதிரசம்வரை படையல் வந்தது. உயிரோடு இருந்தபோது அவர் சைவமா அசைவமா என்பதில் மட்டும் குடும்பத்தாருக்குள் சின்னச் சண்டை நடந்தது. கடைசியில் சாமிமேல் நாய் படுத்துவிடக் கூடாது என்று அண்ணாச்சி சொந்தச் செலவில் இரும்புக் கம்பியால் கூண்டு அடித்து, வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும் திறப்பது என்று பூட்டும் போட்டுவிட்டார்.

அதன்பிறகு பெஞ்சு நகரவில்லை. யாரும் உட்காராத பெஞ்சுக்கு யாருடைய மூட்டைப் பற்றித் தெரியும்? சாமி இங்கேயே இருக்கச் சம்மதித்துவிட்டது என்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். கிழவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தூரத்திலிருந்தே கும்பிட்டாலும் போதும் என்று ஆனபிறகு வாசலில் நின்று கும்பிட்டார்கள். பிறகு கட்டிலில் இருந்தபடியே கும்பிட்டார்கள். சேர்மக்கனியின் முட்டியும் மறுபடி இறுகத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஞானப்பூவிடமிருந்து ஃபோன் வந்தது.

“ஏட்டி கனி, எம்மவன் ஜெயசீலன் வாரானாம்.”

“எப்பம்?”

“சனிக்கெழம. டெம்போ கொண்டுட்டு வாரான். வீட்ட ஒழிச்சிக் குடுத்துட்டு என்னையும் புனேக்குக் கூட்டிட்டுப் போறானாம்.”

“போவாதட்டி.”

“எதச் சொல்லிப் போவாம இருக்க? வாசப்படி எறங்கி எத்தன மாசமாச்சு. ‘நீ ஒத்தையில எறங்கி நடந்து காட்டும்மா, நான் ஒண்ணுஞ் சொல்லல’ங்கான். எங்கன நடக்க? இந்தப் பக்கம் உக்கார ஒரு கல்லு கூடக் கெடையாதுல்லா.”

சேர்மக்கனி ஃபோனை வைத்தாள். ஊரில் எல்லோருக்கும் அவள் ஆச்சி. கனி என்று பெயர் சொல்லிக் கூப்பிட, ஏட்டி என்று அதட்ட, இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்தான். அதுவும் புனேக்குப் போய்விட்டால் தான் இருந்து என்ன என்று நினைத்தாள், நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து, முகம் கழுவி, சொரிமுத்து கடைக்குக் கிளம்பினாள்.

“அண்ணாச்சி, அந்தக் கம்பியக் கொஞ்சம் தொறந்து விடுங்க. நான் செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்.”

“சாமி மேலயா? என்ன பேச்சு பேசுதிய ஆச்சி.”

“முன்ன எல்லாரும் உக்காந்துட்டுத்தான இருந்தோம்?”

“அது தெரியாம உக்காந்தது. அதுக்குத்தான் பரிகாரம் பண்ணியாச்சே.”

“உக்காந்தாத்தான அவிய நடப்பாவ. அந்தப் பக்கம் எங்க ஞானப்பூ இருக்கா அண்ணாச்சி. அவளுக்கு உக்கார எடமில்ல.”

அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. அவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார், உட்கார நாற்காலி போட்டார். ஆனால் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. “நடந்தது போதும் ஆச்சி. எம்புட்டுத் தூரம் நடந்துருக்காவ, இனிம இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்காரவுகளுக்கு வேணும்னா அவிய ஒரு சாமி பாத்துக்கிடட்டும்” என்றார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூஜைக்குக் கூண்டைத் திறந்தார்கள். சேர்மக்கனி வீட்டிலிருந்து கிளம்பி, ஸ்டூலில் உட்கார்ந்து, திரிகைக் கல்லில் உட்கார்ந்து, இன்னும் நிழல் தராத வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் நின்று, சாலையோரம் வந்து சேர்ந்தபோது கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. வயசான மனுஷி கிட்டே போய்க் கும்பிடட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் உள்ளே போய், மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பட்டுத்துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மணியடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். தீபாராதனைத் தட்டோடு நின்ற சொரிமுத்து அண்ணாச்சிக்கு ஆரம்பித்த தீபாராதனையைப் பாதியில் நிறுத்தினால் தோஷமா, நிறுத்தாவிட்டால் தோஷமா என்று தெரியவில்லை. அதனால் கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. கற்பூரம் அணைகிறவரை சேர்மக்கனிக்குத்தான் தீபாராதனை நடந்தது. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. குனிந்து, பெஞ்சின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் வெள்ளைப்பாண்டியிடம் பேசினாள்.

“அண்ணாச்சி, அந்தப் பக்கம் ஞானப்பூன்னு ஒருத்தி இருக்கா. ஒங்களுக்கும் தெரியும், ஒங்க கல்யாணத்துக்கு வந்துருந்தா. அவ இனிம நடக்கவே மாட்டேன்னு சொல்லுதா. கொஞ்சம் போய் என்னன்னு கேளுங்க.”

பிறகு எழுந்து, மாலையைத் திரும்பப் போட்டுவிட்டு, தெய்வக் குத்தத்துக்கு ரத்தம் கக்குகிறாளா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்கு நடந்து போனாள்.

சனிக்கிழமை காலையில் கூண்டில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே பட்டுத்துணி மட்டும் கிடந்தது. வெள்ளைப்பாண்டி பெரிய சாலையின் நட்டநடுவில், அரளிச்செடிகளை விலக்கிக்கொண்டு, கழுத்து மாலை வாடாமல், வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

வண்டிகள் இரண்டு பக்கமும் பறந்துகொண்டிருந்தன. அந்த ஊரில் வண்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிற்காது, ஆம்புலன்சுக்கு நிற்காது, கர்ப்பிணிக்கு நிற்காது. ஆனால் சாமி குறுக்கே வந்தால் நின்றுதான் ஆகவேண்டும், அது எந்தச் சட்டத்திலும் எழுதாமலே எல்லா டிரைவருக்கும் தெரியும். சொரிமுத்து அண்ணாச்சி கூண்டைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், பிறகு பட்டுத்துணியை உருவிக்கொண்டு, சிமெண்டு லாரிக்கு முன்னால் இறங்கி வீசினார். “நிறுத்துங்கய்யா, சாமி நிக்கி” என்று அவர் போட்ட சத்தத்தில் லாரி நின்றது, லாரிக்குப் பின்னால் பஸ் நின்றது, பஸ்ஸுக்குப் பின்னால் பாலம்வரை எல்லாம் நின்றது. ஓடிவந்த போக்குவரத்துக் காவலர் விசில் ஊத வாயைத் திறந்தவர், மாலையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து வண்டிகளையும் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் டிரைவர்கள் இஞ்சினையும் அணைத்துவிட்டார்கள். சாலை அகன்ற நாளிலிருந்து அங்கே அப்படி ஒரு அமைதி வந்ததே இல்லை.

அந்த அமைதியில் சேர்மக்கனி இறங்கி நடந்தாள். ஓட வேண்டியிருக்கவில்லை. நின்று மூச்சு வாங்கினாள், யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நடுவில் போய்ச் சேர்ந்து, உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

“வாசலுக்கு வாட்டி. நடுரோட்டுல இருக்கேன்.”

“கிறுக்கியாட்டி நீ?”

“வந்து பாரு.”

எதிரே சந்தின் முதல் வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் டெம்போ நின்றது, பாதி சாமான் ஏற்றியாகியிருந்தது, ஜெயசீலன் கையில் மிக்ஸியோடு நின்றான். ஞானப்பூ நிலையைப் பிடித்துக்கொண்டு, சாலையையும் நின்றுகிடக்கிற வண்டிகளையும் பெஞ்சையும் அதில் உட்கார்ந்திருக்கிறவளையும் மாறிமாறிப் பார்த்தாள். படியில் ஒரு காலை வைத்தாள். பிடிக்க வந்த மகனின் கையை முழங்கையால் தள்ளிவிட்டு அடுத்த காலையும் வைத்தாள். டெம்போவைப் பிடித்து, டெம்போ முடிந்ததும் காற்றைப் பிடித்து, பாதிச் சாலையில் தள்ளாடி நின்றாள். சேர்மக்கனிக்கு எழுந்து ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. பிடித்தால் அது நடந்த கணக்கில் வராது என்பதால் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “மெள்ள, மெள்ள, இந்தா எடம் கெடக்கு” என்று மட்டும் சொன்னாள். ஞானப்பூ மெல்லத்தான் வந்தாள்.

பின்னால் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்டதும், அந்தக் கோட்டைப் பிளாட்பார மட்டத்துக்கு உயர்த்தியதும், ஊரிலேயே நிதானமாக நடக்கிற ஆளை நடக்கவிட்டுப் பார்த்து அதற்குத் தகுந்தபடி சிக்னலை வைத்ததும், வெள்ளைப்பாண்டி அந்த அரளிகளுக்கு நடுவிலேயே நின்றுவிட்டதும், மற்றத் தெருக்காரர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர் பெயரிலும் ஒரு பெஞ்சு என்று வரிசையில் நின்றதும், வடக்கே பார்த்தும் தெற்கே பார்த்தும் ஸ்டூல்களும் கற்களும் நிழலும் முளைத்ததும் எல்லாம் நடந்தன. அவையெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று காலையில் இருந்தது ஒரு பெஞ்சும், அதில் நெருக்கியடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய இரண்டு பேரும்தான். ஞானப்பூ கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மாலையைக் கொஞ்சம் தள்ளிவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

ஜெயசீலன் சாலைக்குள் வந்து நின்று, மிக்ஸியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். “அம்மா, டெம்போக்காரன் நிக்காம்மா” என்றான்.

“சாமான எறக்கச் சொல்லிட்டு, ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு” என்றாள் ஞானப்பூ.

காவலர் பாலம்வரை நின்ற வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார், தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார், பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், “எந்தப் பக்கம் போணும்னு சொல்லுங்க ஆச்சி, நானே கையப் பிடிச்சிக் கொண்டு விட்டுருதேன்” என்றார்.

சேர்மக்கனி முட்டியைத் தடவிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கயும் போவாண்டாம்யா” என்றாள். “வந்தாச்சு.”